எச்சில்

சங்கராந்தி விடுமுறை முடிந்து திரும்பிய தோழி ஒருவர் ஊரிலிருந்து சகினாலு கொண்டுவந்திருந்தார். அதைக் கடித்தபோது என் மேல் முன்பல்லின் ஓரம் கழன்று கையில் விழுந்தது. விழுந்தது பல் அன்று. மூன்று வாரங்களுக்கு முன்பு ஐதராபாத்தில் ஒரு மருத்துவர் அப்பல்லில் ஒட்டிய ரெசின். பண்டத்தின் கடினமே காரணம் என்று நான் எண்ணினேன்.

அத்துண்டுடன் வேறொரு பல் மருத்துவரிடம் சென்றேன். அவர் அதன் உட்புறத்தை உருப்பெருக்கியில் பார்த்துவிட்டு, "இது உடையவில்லை, சரியாக ஒட்டவேயில்லை" என்றார். பிறகு, "அமிலத்தைக் கழுவிய பின் பல்லில் நாக்கு பட்டதா?" என்று கேட்டார். பட்டது. எச்சிலை விழுங்கும்போது அறியாமல் நாக்கு உரசியது. அன்றைய மருத்துவர் பஞ்சால் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

அதன் பின் சில நாள்கள் என் துறையை விட்டுப் பல் மருத்துவக் கட்டுரைகளை வாசித்தேன். உலோகத்தில் வண்ணப்பூச்சு நன்கு பற்றுவதற்காகத் தொழிற்சாலைகளில் பாஸ்பாரிக் அமிலம் பயன்படுவதைக் கண்ட மைக்கேல் புவனகோர், அதே வழியைப் பல் எனாமலில் சோதித்து 1955இல் வெளியிட்டார். இன்று பெரும்பாலும் 37 விழுக்காடு அளவிலான அமிலக் கூழை ஏறத்தாழ 15 முதல் 30 நொடிகள் தடவிக் கழுவுகிறார்கள். எடையில் சுமார் 96 விழுக்காடு கனிமமான எனாமலில் அப்போது கண்ணுக்குத் தெரியாத நுண்குழிகள் உண்டாகின்றன. உலர்த்தினால் அது சுண்ணாம்பு வெண்மையாகத் தோன்றும். திரவ ரெசின் அக்குழிகளுக்குள் இறங்கி, நீல ஒளியில் இறுகி, வேர்போலப் பற்றிக்கொள்கிறது. எனாமலில் பிணைப்பு என்பது பெரும்பாலும் இந்தப் பிடிமானமே.

அந்த நுண்குழிகள் ரெசினுக்கு முன் எச்சிலைச் சந்தித்தால், எச்சிலில் உள்ள கிளைக்கோபுரதங்கள் சில நொடிகளிலேயே படலமாகப் படிந்து வாயில்களை அடைத்துவிடுகின்றன. நீர் காய்ந்துவிடும், படலம் காயாமல் தங்கிவிடும். இரத்தமும் இவ்வாறே தடையாகும். ஒட்டுப்பொருள் இறுகிய பிறகு எச்சில் பட்டால் கழுவி, உலர்த்தி, மீண்டும் ஒட்டுப்பொருள் தடவிப் பெருமளவு ஈடுசெய்ய இயலும். அமிலமிட்ட எனாமலில் அதற்கு முன்பே பட்டால், மீண்டும் அமிலத்திலிருந்து தொடங்குவதே பாதுகாப்பான வழி.

இரண்டாம் மருத்துவர் பல்லைச் சுற்றி ரப்பர் டேம் கட்டினார். 1864இல் நியூயார்க்கின் சான்ஃபர்டு பார்னம் அறிமுகப்படுத்திய எளிய ரப்பர் விரிப்பு அது. அப்படியிருந்தும் ஈறோரத்தில் ஒரு துளி இரத்தம் கசிந்தது. அவர் நிறுத்தினார், கசிவை அடக்கினார், கழுவி, மறுபடியும் அமிலமிட்டார். வெளியே மூவர் காத்திருந்தனர். வேலை முடிந்ததும், "துடைத்தால் போதாதா?" என்று கேட்டேன். "கண்ணுக்குத் தெரிவதைத்தான் துடைக்க முடியும்" என்றார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. காரணம் பல் அன்று.

'எச்சில்' என்னும் சொல் 'எஞ்சு' என்பதன் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் இலக்கணத்தில் வரும் 'எச்சம்' அதன் உடன்பிறப்பு. எஞ்சி நிற்பதுதான் எச்சில். என் ஆய்வுத் தரவிலும் அப்படி ஒன்று எஞ்சியிருந்தது. முந்தைய ஆண்டு ஆதிலாபாத் பகுதியில் கோலாமி மொழி பேசும் மூதாட்டி ஒருவரிடம் பன்னிரண்டு வாக்கியங்களைச் சொல்லி, "இப்படிச் சொல்வீர்களா?" என்று தெலுங்கில் கேட்டிருந்தேன். ஒலிப்பதிவைக் கேட்டால், ஒவ்வொரு கேள்வியிலும் நான் விரும்பிய விடை என் குரலிலேயே இருக்கிறது. இதை முன்பே உணர்ந்திருந்தேன். ஆயினும் என் குரலை வெட்டிவிட்டு, விடைகளை மட்டும் அட்டவணையில் சேர்த்தேன். நான் செய்ததும் பஞ்சால் துடைக்கும் வேலைதான். என் மூன்றாம் அத்தியாயம் முழுவதும் அவற்றின் மேல் ஒட்டப்பட்டிருந்தது.

நெறியாளரிடம் உண்மையைச் சொன்னேன். பிப்ரவரியில் மீண்டும் அவ்வூருக்குச் சென்றேன். இம்முறை வாக்கியங்களை நீட்டவில்லை. சூழல்களை விவரித்து, அவரையே சொல்லச் சொன்னேன். பன்னிரண்டில் ஐந்து வேறாக வந்தன. "அன்று ஏன் ஆம் என்றீர்கள்?" என்று கேட்டேன். "நீ அவ்வளவு ஆவலாகக் கேட்டாய், பிள்ளை, இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை" என்றார்.

அத்தியாயத்தின் மைய வாதம் சரிந்துவிட்டது. இப்போது முதல் பத்தியிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆய்வேடு ஆறு மாதம் தள்ளிப்போகும். பல் மருத்துவரின் நாற்காலியில் அமரும் நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன்: அமிலத்தைக் கழுவிய பின் நாக்கு பட்டுவிட்டால் உடனே கையை உயர்த்துங்கள். சற்று நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான்.