காந்தமும் கிரகங்களும்

கிரகங்கள் நமக்கு என்ன செய்யும் என்று கேட்போர் பலர்; அவை எவ்வாறு உண்டாயின என்று கேட்போர் மிகச் சிலர். துறைமுகத்தை அடுத்த பாகான் டாலாமிலும், நாம் கணக்கெழுதும் தோட்டத்து லயங்களிலும் இதுவே நிலைமை. செவ்வாய் தோஷம் என்ற ஒரு சொல்லால் நல்ல வரனை இழந்து நிற்கும் பெண்ணை நாம் அறிவோம். ஆதலின் இது பள்ளிக்கூடத்தோடு முடியும் கேள்வியன்று.

ஏறக்குறைய 456 கோடி ஆண்டுகளுக்கு முன், சுழன்று சுருங்கிய வாயுவும் தூசியும் தட்டாகப் பரந்து, சூரியனும் கிரகங்களும் தோன்றின என்பர் விஞ்ஞானிகள். இதில் ஒரு புதிர் உண்டு. இக்குடும்பத்தின் பொருளில் நூற்றுக்கு 99 பங்குக்கு மேல் சூரியனிடம் இருக்கின்றது. சுழற்சியிலோ 2 பங்குகூட அதனிடம் இல்லை. சுழற்சியை வெளியே கடத்தியது யாது?

காந்தமே என்பது ஒரு விடை. தமிழ்க் குடும்பத்தில் 1910இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1983இல் நோபல் பரிசு பெற்றவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். மின்சாரம் பாயவல்ல திரவம் உள்ளே விரைந்தும் வெளியே மெதுவாகவும் சுழலுமானால், மெல்லிய காந்த சக்தியும் அதன் அமைதியைக் குலைத்துவிடும் என 1960இல் கணக்கிட்டுக் காட்டினார். ரஷ்ய அறிஞர் வெலிகோவ் 1959இலேயே இதனைக் கண்டிருந்தார். 1991இல் பால்பஸ், ஹாலி இருவரும் இதனை விண்ணிலே சுழலும் வாயுத் தட்டுகளுக்குப் பொருத்தினர்.

பால்மரம் வெட்டி வாழ்ந்த நம் மக்களுக்கு ரப்பரின் இழுவையைச் சொல்ல வேண்டுவதில்லை. காந்தக் கோடும் ரப்பர் நாடா போன்றதே. முந்தியோடும் உள்வாயுவை அது பின்னே இழுக்கும். பிந்திவரும் வெளிவாயுவை முன்னே இழுக்கும். சுழற்சியை இழந்தது சூரியனை நோக்கி வீழும். பெற்றது விலகிச் செல்லும்.

இதற்குச் சாட்சி உண்டோ? உண்டு. இன்று மத்தியப் பிரதேசம் எனப்படும் நாட்டில், செமர்கோனாவில், 1940இல் ஒரு விண்கல் வீழ்ந்தது. கிரகங்கள் உருவாகி முடியுமுன் உருகி உறைந்த சிறு மணிகள் அதனுள் இருக்கின்றன. உறையும்போது சூழ்ந்திருந்த காந்தத்தை அவை தம்முள் பதித்துக்கொண்டன. 2014இல் வெளியான ஆராய்ச்சி அதனை ஏறக்குறைய 54 மைக்ரோடெஸ்லா என்றது. இன்று திசைகாட்டியின் ஊசியைத் திருப்பும் பூமியின் காந்தமும் ஏறத்தாழ அவ்வளவே.

தட்டின் குளிர்ந்த பகுதிகளில் காந்தம் எவ்வளவு வேலை செய்தது என்பதில் ஆராய்ச்சியாளர் இன்னும் வாதிடுகின்றனர். சோதிடரோ வாதிடுவதில்லை, தீர்ப்புச் சொல்லிக் கட்டணம் பெறுகின்றார்.

செவ்வாயும் அத்தட்டிலே திரண்ட கல்லும் இரும்புமே. வரன் பார்க்கச் செல்லும் பெற்றோரே! ஜாதகக் கட்டத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, பெண்ணின் விருப்பத்தையும் பிள்ளையின் நடத்தையையும் விசாரியுங்கள்.