அம்மாச்சிக்கு 576 முடிச்சு!

போன தீபாவளிக்கு அம்மாச்சி மடியில் ஒரு சுங்குடிச் சேலையை வைத்துவிட்டு, பாராட்டுக்காகக் காத்திருந்தேன். அவங்க பிரித்துக்கூடப் பார்க்கலை. மடிப்பின் மேல் உள்ளங்கையால் ஒரே ஒரு தடவு. ''இது அச்சு ராசா... முடிச்சு இல்ல. இருக்கட்டும், கட்டிக்கிறேன்'' என்று பீரோவில் வைத்துப் பூட்டிட்டாங்க. இன்று வரை கட்டலை!

பேப்பர் படிக்கவே பூதக்கண்ணாடி தேடுறவங்களுக்குக் கை மட்டும் எப்படிக் கண்டுபிடிக்குது? மண்டை காய்ந்துவிட்டது பாஸ். அம்மாச்சி மதுரைக்காரங்க. தாத்தா போன பிறகு கோயம்புத்தூரில் எங்களோடு இருக்காங்க. வரும்போது கொண்டுவந்த நாலு சுங்குடியும் நைந்து தலையணை உறையாகிடுச்சு. சரி, இந்த முறை கடையில வாங்குறதில்லை, நாமே முடிச்சுப் போட்டுக் கொடுக்கிறோம் என்று செமஸ்டர் லீவில் சிங்காநல்லூரில் பஸ் ஏறினேன்.

வழியில் திண்டுக்கல் தாண்டினால் சின்னாளபட்டி. அதுவும் சுங்குடி ஊர்தான். ஆனால், அம்மாச்சியின் சுங்குடி மதுரைச் சுங்குடி. 2005-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஐட்டம்! ஆரப்பாளையத்தில் இறங்கி, மாசி வீதிகளில் ரெண்டு தடவை வழி தப்பி, விளக்குத்தூணுக்கு வந்து ஒரு ஜிகர்தண்டாவை உள்ளே தள்ளிய பிறகுதான் மூளை வேலை செய்தது.

பக்கத்துத் துணிக்கடையில், ''கையில முடிச்சுப் போட்ட சுங்குடி இருக்காண்ணே?'' என்றேன். அடுக்கடுக்காக இருந்ததெல்லாம் அச்சுப் போட்டவை. மெழுகைத் தொட்டு அச்சுக் கட்டையால் ஒற்றி, சாயத்தில் முக்குவதும் உண்டு. அதுவும் கைவேலைதான். ஆனால், முடிச்சு வேற ஜாதி. கடைக்காரர் உள்ளே போய் ஒன்றே ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் போட்டார். துணி முழுக்கப் புல்லரித்த மாதிரி சின்னச் சின்ன மேடு. ஆஹா... அம்மாச்சியின் கை தேடியது இதைத்தான்!

அவர் கைகாட்டிய சந்து, திருமலை நாயக்கர் மகாலுக்குப் பக்கத்தில் இருந்தது. 1636-ல் எழுந்த மகாலைச் சுற்றிய இந்தத் தெருக்களில் சௌராஷ்டிரக் குடும்பங்கள் அதிகம். குஜராத் பக்கமிருந்து கிளம்பி, பல ஊர் சுற்றி, நாயக்கர் காலத்தில் மதுரையில் வேரூன்றிய நெசவாளர்கள். நம்ம டி.எம்.எஸ். இந்தச் சமூகத்துக்காரர்தான். வீட்டுக்குள் சௌராஷ்டிர மொழி, வாசலுக்கு வந்தால் அசல் மதுரைத் தமிழ்!

நான் தேடிப் போன அக்கா, அடுப்பில் உலையை வைத்துவிட்டு வாசப்படியில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாங்க. ''இன்ஜினீயரிங் படிக்கிறியா? இதைக் கத்து என்னப்பா பண்ணப்போறே?'' என்று சிரித்தாலும், ஒரு துண்டுத் துணியை நீட்டினாங்க.

கோலத்துக்கு வைப்பது போலத் துணியில் புள்ளி வைக்கணும். ஒவ்வொரு புள்ளியையும் நகத்தால் ஊசிமுனை அளவுக்குத் தூக்கி, அதன் கழுத்தில் நூலை இறுக்கிச் சுற்றணும். நூலை அறுக்காமல் அப்படியே அடுத்த புள்ளிக்குப் போகணும். சாயத்தில் முக்கும்போது நூல் இறுக்கிய இடத்துக்குள் சாயம் நுழையாது. அங்கே வெள்ளை வளையம். மேலே நீட்டிக்கொண்டிருந்த முனையில் மட்டும் சாயம் ஏறி, நடுவில் குட்டிப் பொட்டு. அச்சில் எல்லாப் புள்ளியும் ஒரே முகம். முடிச்சில் ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம்!

முதல் ஒரு மணி நேரத்தில் நான் போட்டது 31 முடிச்சு. அதில் பாதியை அக்கா ஒரே இழுப்பில் அவிழ்த்துட்டாங்க. அவங்களோ என்னைப் பார்த்துப் பேசிக்கொண்டே, துணியைப் பார்க்காமலே போட்டுத் தள்ளினாங்க.

''நீங்க முடிச்சுச் சுங்குடி கட்டுவீங்களாக்கா?''

கட்டியிருந்த பூப்போட்ட நைலக்ஸ் சேலையைக் காட்டினாங்க. ''ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்குல முடிச்சு. போடுறவ எங்கிட்டு வாங்கிக் கட்டுறது? உனக்கு இது பரிசு தம்பி... எங்களுக்கு அரிசி!''

ஜிகர்தண்டா குளிர்ச்சியெல்லாம் அந்த நிமிஷமே இறங்கிப்போச்சு. 'கைவேலைக்கு இவ்வளவு விலையா?' என்று பேரம் பேசின என் வாயை நானே நினைச்சுக்கிட்டேன்.

சேலை நமக்கு ஆகாது என்று புரிந்தது. விடியற்காலைக் குளிருக்கு அம்மாச்சி தலையில் கட்டிக்கொள்ள ஒரு ஸ்கார்ஃப் போதும். ஒரு மீட்டர் சதுர மல் துணியில் வரிசைக்கு 24 புள்ளி, 24 வரிசை. மொத்தம் 576. மதுரையில் ஆரம்பித்து ஹாஸ்டலில் முடித்தேன். ''என்னடா, பூ கட்டுறியா?'' என்று கலாய்த்த ரூம்மேட், கடைசியில் ஒரு மூலையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டான்.

நீங்களும் முயற்சி செய்றீங்களா? புதுத் துணியின் கஞ்சி போக நல்லா அலசிட்டுத்தான் புள்ளி வைக்கணும். பருத்திக்கு ரியாக்டிவ் சாயம் சரிப்படும். உப்பு, சாயத்தைத் துணிப் பக்கம் தள்ளும். சோடா சேர்த்த பிறகுதான் அது இழையோடு பிணைப்புப் போடும். முதல் வருஷக் கெமிஸ்ட்ரியில் தூங்கிக்கொண்டே கேட்ட கோவேலன்ட் பாண்ட்தான்! சாயப்பொடியைத் தொட கையுறை, மாஸ்க் கட்டாயம். சாயம் போட்ட பாத்திரத்தில் திரும்பச் சமைக்கக் கூடாது. தண்ணீர் தெளியும் வரை அலசி, நன்றாகக் காய்ந்த பிறகே முடிச்சைப் பிரிக்கணும். துணியை ரெண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் பட்... பட்... பட்டென்று நூல் தெறிக்கும். அந்தச் சத்தத்துக்காகவே இன்னொன்று போடலாம்!

அரக்குச் சிவப்பில் வெள்ளை வளையங்களோடு ஸ்கார்ஃபை அம்மாச்சி மடியில் வைத்தேன். அதே உள்ளங்கைத் தடவல். கை அங்கேயே நின்றுவிட்டது.

''முடிச்சு...'' என்றாங்க. ''எங்க வீட்டுக்கு எதுத்தாப்புல சௌராஷ்டிரக்காரங்க வீடு. கல்யாணத்துக்கு முந்தி நானும் அங்க உக்காந்து கூலிக்குக் கட்டியிருக்கேன். அந்தக் காசுலதான் உங்க அம்மாச்சி முத முதலா செருப்பு வாங்கினா.''

இருபது வருஷமா எனக்குத் தெரியாது. அம்மாவுக்கே தெரியாது. நாங்க யாரும் கேட்டதில்லை.

ஸ்கார்ஃபைத் தலையில் கட்டப்போனவங்க, ஒரு மூலைக்கு வந்ததும் நிறுத்தினாங்க. வளையம் கலங்கி, சாயம் உள்ளே புகுந்த இடம்.

''இது நீ போட்டதில்லையே?''

''ரூம்மேட், அம்மாச்சி.''

''அந்தப் பயலை அடுத்த லீவுக்குக் கூட்டிட்டு வா. நூலும் துணியும் எடுத்துட்டு வரச் சொல்லு. இறுக்கிக் கட்டச் சொல்லித் தர்றேன்!''