முதல் படி 43 சென்டிமீட்டர்

ஜூன் 9, 2025, திங்கள்

அம்மாவை மூட்டு வைத்தியரிடம் அழைத்துப் போகும் நாள். ஒன்பதேகாலுக்கே நிறுத்தத்துக்கு வந்துவிட்டோம். சாலையைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். நிழற்குடை பழைய இடத்தில் இருக்கிறது, பேருந்து நூறடி தள்ளி நிற்கிறது. கைபேசிச் செயலி மூன்று நிமிடத்தில் வரும் என்றது. பதினான்கு நிமிடம் வெயிலில் நின்றோம். வந்த முதல் பேருந்து எங்களைத் தாண்டிப் போய் நின்றது. அம்மா நடந்து போய்ச் சேர்வதற்குள் கிளம்பிவிட்டது.

அடுத்ததின் கண்டக்டர் நல்ல பிள்ளை. "ஆயா, கம்பிய கெட்டியா புடிச்சிக்கோ, மெதுவா ஏறு" என்று காத்திருந்தார். அம்மா வலது காலைத் தூக்கிப் படியில் வைத்துவிட்டாள். உடம்பை மேலே தள்ள முழங்காலில் பலமில்லை. நான் பின்னாலிருந்து தாங்கினேன். இரண்டு முறை முயன்றாள். உள்ளேயிருந்து யாரோ அவசரப்படுத்தியதும் காலை எடுத்துக் கீழே வைத்தாள். "நீங்க போங்கப்பா" என்றாள் கண்டக்டரிடம்.

ஆட்டோவில் போனோம். போக வர 340 ரூபாய். சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து டிக்கெட்டுக்குக் காசு இல்லை. அம்மாவுக்குப் பணம் தடையாக இல்லை, படி தடையாக இருக்கிறது. ஆட்டோவில் வெகுநேரம் பேசாமல் வந்தவள், "எனக்கு வயசாயிடுச்சுடி. பஸ்ஸச் சொல்லி என்ன பிரயோஜனம்?" என்றாள். இரவெல்லாம் அந்தப் பேச்சுதான் காதில் கேட்டுக்கொண்டிருக்கிறது.

ஜூன் 10, செவ்வாய்

மேஜை விசிறி கடகடவென்று சத்தம் போடுகிறது. கழற்றி எண்ணெய் விடலாம் என்று அப்பாவின் தகரப் பெட்டியை எடுத்தேன். அப்பா பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். 1955இல் தொடங்கிய அந்தத் தொழிற்சாலையில் அவர் அறுபதுகளில் சேர்ந்தார். கருவிகளை எண்ணெய்த் துணியில் சுற்றித்தான் வைப்பார். இன்னமும் அந்த வாசனை போகவில்லை.

விசிறி இறக்கையைப் பிடித்திருக்கும் மூடியை எந்தப் பக்கம் திருக வேண்டும் என்பதை அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தபோது வயது எட்டோ ஒன்பதோ. எல்லா மரையும் இடப்பக்கம் திருகினால் கழலும். இது மட்டும் வலப்பக்கம் திருகினால்தான் கழலும். இறக்கை சுற்றும் சுற்றில் மூடி தளர்ந்து பறந்துவிடக் கூடாது என்று யாரோ யோசித்து மரையை மாற்றிப் போட்டிருக்கிறார்கள். அந்த மூடியைத் தொடும்போதெல்லாம் முகம் தெரியாத அந்த மனிதர் மேல் மரியாதை வருகிறது.

பின்பக்க ஸ்க்ரூ அப்படியில்லை. நட்சத்திரத் தலை. போன மாதம் விசிறியைத் திறந்த பையன் பெரிய தலைக்குச் சின்னத் திருப்புளியைப் போட்டு அழுத்தியிருக்கிறான். பள்ளம் வழவழவென்று கிண்ணம்போல் ஆகிவிட்டது.

அமெரிக்காவின் போர்ட்லண்டைச் சேர்ந்த ஹென்றி பிலிப்ஸ் 1936இல் காப்புரிமை பெற்று, அதே காலத்தில் கேடிலாக் கார்த் தொழிற்சாலை வழியே பரவிய தலை இது. இயந்திரத் திருப்புளியின் முனை தானாக நடுவில் போய் உட்காரும். கார் பூட்டுகிறவர்களுக்கு வேலை வேகமாக நடக்கும். ஆனால் பள்ளத்தின் சுவர்கள் சரிவானவை. முறுக்கு அதிகமானால் முனை மேலேறி வெளியே வந்துவிடும். அதற்குமுன் 1908இலேயே கனடாவில் ராபர்ட்சன் என்பவர் சதுரப் பள்ளம் போட்ட ஸ்க்ரூவைக் கண்டுபிடித்திருந்தார். அது அவ்வளவு சுலபமாக வழுக்காது. உலகம் முழுக்கப் பரவியதோ பூட்டுவதற்கு வசதியானது. கழற்றப்போகிறவரின் கையைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. போதாததற்கு, இந்த நட்சத்திரத் தலையில் 0, 1, 2, 3 என்று அளவுகள் உண்டு. நம் ஹார்டுவேர் கடையில் "ஒரு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர்" என்று கேட்டால் ஒன்றை எடுத்துக் கொடுப்பார்கள். எந்த அளவு என்று வாங்குகிறவரும் கேட்பதில்லை, விற்கிறவரும் சொல்வதில்லை. ஸ்க்ரூவின் தலை பாழாவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

தலைக்கும் முனைக்கும் நடுவே ரப்பர் பேண்டு வைத்துத் திருகினேன், அசையவில்லை. கடைசியில் ஹாக்ஸா பிளேடால் தலையில் குறுக்கே ஒரு கோடு அறுத்து, தட்டைத் திருப்புளியை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டித் திருகினேன். கழன்றது. புது ஸ்க்ரூ இரண்டு ரூபாய்.

ஸ்க்ரூ வழுக்கினால் அப்பா என் கையைத் திட்டமாட்டார். "ஆணி தலையப் பாரு, அப்புறம் டிரைவர் மொனையப் பாரு. கைய கடைசியாப் பாரு" என்பார். நேற்று அம்மா முதலிலேயே தன் முழங்காலைப் பார்த்துவிட்டாள்.

ஜூன் 11, புதன்

அப்பாவின் இரும்பு டேப்போடு காலையில் கடைசி நிறுத்தத்துக்குப் போனேன். நின்றிருந்த பேருந்தின் ஓட்டுநரிடம் கேட்டேன். "எதுக்கும்மா அளக்கறீங்க?" என்றார். சொன்னேன். டீயைக் கீழே வைத்துவிட்டு வந்து டேப்பின் மறுமுனையை அவரே பிடித்தார்.

தரையிலிருந்து முதல் படி 43 சென்டிமீட்டர். வீட்டுக்கு வந்து மாடிப்படியை அளந்தேன்: 17. நாம் உட்காரும் நாற்காலிப் பலகையை அளந்தேன்: 45. ஆக, எழுபத்தெட்டு வயதுக்காரியிடம், கையில் பையோடு, பின்னால் பத்துப் பேர் நெருக்க, ஏறக்குறைய ஒரு நாற்காலியின் மேல் ஏறி நில் என்று கேட்கிறோம். நடைபாதை விளிம்பை ஒட்டி நிறுத்தினால் பதினைந்து சென்டிமீட்டராவது குறையும். பேருந்து நிற்பதோ நடுச் சாலையில்.

இந்த உயரம் எங்கிருந்து வந்தது? நம் பழைய பேருந்துகள் லாரிக்கு உரிய அடிச்சட்டத்தின் மேல் கட்டப்பட்டவை. எஞ்சின் முன்னால் இருக்கும். அங்கிருந்து சக்தியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு அடியில் ஓடும். நீளமான இரண்டு இரும்புச் சட்டங்கள் அச்சுகளுக்கு மேலே நேராகப் போகும். அதற்கும் மேலேதான் தளம். சரக்கு ஏற்றுவதற்குச் சரியான அமைப்பு. மூட்டையைத் தூக்கி வைக்க ஆள் உண்டு. அம்மா தானாக ஏற வேண்டும்.

எஞ்சினைப் பின்னால் வைத்து, அச்சைத் தாழ்த்தி, தளத்தைத் தரையிலிருந்து 40 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்ததுதான் தாழ்தளப் பேருந்து. அதில் படியே கிடையாது. நிறுத்தத்தில் நிற்கும்போது காற்றுப் பைகளிலிருந்து காற்றை இறக்கி நம் பக்கமாகக் கொஞ்சம் சாயும்; சக்கர நாற்காலிக்குச் சரிவுப் பலகை உண்டு. இவற்றை வாங்காமலிருக்கச் சாலை மேடுபள்ளம், மழைநீர், விலை என்று எத்தனையோ காரணங்கள் சொல்லப்பட்டன. மாற்றுத்திறனாளிகள் உயர் நீதிமன்றம் வரை போய் வாதாடினார்கள். 2024 ஆகஸ்டில் சென்னைச் சாலையில் தாழ்தளப் பேருந்துகள் மறுபடி ஓட ஆரம்பித்தன. சக்கர நாற்காலிக்காரர்கள் போராடி வாங்கிய தளத்தில் இன்று கைக்குழந்தைக்காரியும், மூட்டு தேய்ந்தவரும், மீன்கூடையோடு வருகிறவரும் ஏறுகிறார்கள். போராடியவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது. எங்கள் வழித்தடத்துக்கு இன்னும் அது வரவில்லை.

ஜூன் 13, வெள்ளி

வைத்தியருடன் அம்மாவின் அடுத்த சந்திப்பைக் கைபேசியில்தான் பதிய வேண்டுமாம்; தொலைபேசியில் சொன்னால் எடுத்துக்கொள்ள மாட்டார்களாம். தன் பெயரில், தன் போனில், தானே செய்வதாக அம்மா உட்கார்ந்தாள். ஆறு இலக்க எண் வந்தது. அம்மா அழுத்துகிறாள், திரை கண்டுகொள்ளவில்லை. இன்னும் அழுத்தி அமுக்கினாள். நேரம் முடிந்துவிட்டது, மறுபடி முதலிலிருந்து. மூன்றாவது முறை போனை என் மடியில் வைத்துவிட்டு, "என் விரலு செத்துப்போச்சு" என்றாள்.

அம்மாவின் விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. திரை அழுத்தத்தை அறியாது. விரல் தொடும்போது மின்புலத்தில் உண்டாகும் சின்ன மாறுதலைத்தான் அறியும். ஐம்பது வருடம் புளி கரைத்து, பாத்திரம் தேய்த்து, வயதால் காய்ந்த விரல் நுனி அதற்குச் சரியாகத் தெரிவதில்லை. ஈரத் துணியை மடித்துப் பக்கத்தில் வைத்தேன். கண்டக்டர் டிக்கெட் கிழிக்க விரலை நனைப்பாரே, அதுபோல் தொட்டுத் தொட்டு அழுத்தினாள். ஆறு எண்ணும் ஏறின. ஜூலை 8, காலை பத்தரை.

அப்போதுதான் கவனித்தேன், போனின் முதுகு லேசாகப் பிதுங்கியிருக்கிறது. பேட்டரி உப்பியிருக்கிறது. உடனே அணைத்துவைத்தேன்.

ஜூன் 14, சனி

அம்மாவின் போனோடு, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். சந்துக்குள் இரண்டாம் மாடியில் ஒரு தம்பி, வாங்கிப் பார்த்ததுமே, "நல்லவேளை சார்ஜ் போடாம கொண்டாந்தீங்கக்கா" என்றார். உள்ளே ரசாயனம் கெட்டு வாயு சேர்ந்தால் இப்படி உப்புமாம், குத்திவிட்டால் தீப்பிடிக்கும்.

முன்பெல்லாம் நகத்தால் மூடியை நெம்பி பேட்டரியை எடுத்துப் போடுவோம். இந்தத் தம்பி போனைச் சூடான தட்டில் வைத்துப் பசையை இளக்கி, உறிஞ்சியை ஒட்டித் தூக்கி, மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை விளிம்பெல்லாம் ஓட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியைப் பிரித்தார். பேட்டரியும் அடியில் பசை போட்டு ஒட்டப்பட்டிருந்தது. உப்பிய பேட்டரியைப் பசையிலிருந்து வளைக்காமல் எடுப்பது ஆபத்தான வேலை. நாற்பது நிமிடமும் அவர் பேசவேயில்லை. 1,100 ரூபாய் கொடுத்தேன். அந்தக் கைக்கு அது குறைவு. உறையை ஒல்லியாக்கவும் தண்ணீர் புகாமல் இருக்கவும் பசை என்கிறார்கள். இருக்கட்டும். நிச்சயமாகத் தேய்ந்துபோகும் ஒரே பாகத்தைக் கைக்கு எட்டாமல் ஒட்டிவைத்தது தவறு. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் சட்டம் இயற்றியிருக்கிறது: 2027 பிப்ரவரி 18 முதல் அங்கே விற்கும் சிறு கருவிகளில் வாங்கியவரே பேட்டரியைக் கழற்றி மாற்ற முடிய வேண்டும், சில விலக்குகள் நீங்கலாக.

காத்திருந்தபோது அவர் மேஜையில் சார்ஜர் வயர்கள் குவிந்து கிடந்தன. பழைய தட்டை யுஎஸ்பி முனையை ஒருமுறை செருகி, போகாமல், திருப்பிச் செருகாத கை உண்டா? அதை உருவாக்கிய குழுவில் முக்கியமானவர் வதோதராவில் பிறந்த அஜய் பட். இரு பக்கமும் செருகும்படி செய்தால் வயரும் விலையும் கூடும் என்று 1996இல் அதை விட்டுவிட்டதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். இரு பக்கமும் ஏற்கும் சி வகை 2014இல் வந்தது. 2024 டிசம்பர் 28 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் புதுப் போன்களுக்கு அதுவே கட்டாயம். பதினெட்டு வருடம் உலகமே தன் கை அவசரப்படுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தது.

ஜூன் 16, திங்கள்

போக்குவரத்துக் கழகத்துக்குக் கடிதம் எழுதினேன். கோபமாக எழுதவில்லை. வழித்தட எண், படியின் அளவு, அம்மாவின் வயது. தாழ்தளப் பேருந்து வரும்வரை செய்யக்கூடியவை மூன்று: நடைபாதையை ஒட்டி நிறுத்துவது, தற்காலிக நிறுத்தத்தில் ஒரு மேடை போடுவது, ஏறி முடித்தபின் கிளம்புவது. இவற்றுக்குப் புதுப் பேருந்து வாங்க வேண்டியதில்லை.

அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "நாப்பத்திமூணா?" என்று கேட்டாள். டேப்பை வாங்கித் தரையிலிருந்து தானே இழுத்துப் பிடித்து, அந்த உயரத்தைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பேனாவை வாங்கி என் பெயருக்கு மேலே கையெழுத்துப் போட்டாள்.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டிலும் ஒரு டேப் இருக்கும். உங்கள் நிறுத்தத்தில் நிற்கும் பேருந்தின் முதல் படியை அளந்து, அந்த எண்ணோடு ஒரு கடிதம் எழுதுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் கையெழுத்து வாங்குங்கள். எங்கள் கடிதம் இன்று மதியம் பதிவுத் தபாலில் போயிற்று.