எண்ணூறு சொல்லுக்கு ஒரு மாதம்

கொடைக்கானல் பஸ் வத்தலக்குண்டில் நின்றுதான் மலையேறும். அங்கே இறங்கி டீ குடிக்கிறவர்களில் எத்தனை பேருக்கு அந்த ஊரின் இலக்கியக் கணக்கு தெரியுமோ. 1893இல் 'விவேக சிந்தாமணி'யில் 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதத் தொடங்கிய ராஜம் ஐயர் இந்த ஊர்க்காரர். 1898இல் இருபத்தாறு வயதில் இறந்துபோனார். 1935இல் 'மணிக்கொடி'யைச் சிறுகதைப் பத்திரிகையாக மாற்றி நடத்திய பி.எஸ். ராமையாவும் இந்த ஊர்தான். 1959 ஜனவரியில் விமர்சனத்துக்கு முதலிடம் கொடுத்து 'எழுத்து' இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பாவும் வத்தலக்குண்டுக்காரர். ஒரு சின்ன ஊருக்கு இது கொஞ்சம் அதிகம்தான்.

நான் பார்க்கப் போனவர் அங்கிருந்து இன்னும் மேலே, பெருமாள்மலைச் சரிவில் இருக்கிறார். அரசுப் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். சென்னையிலிருந்து வரும் ஒரு சிற்றிதழுக்கு மாதாமாதம் நூல் மதிப்புரை எழுதுகிறார். பெயர் போட வேண்டாம் என்றார். ஊரே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறது, நானும் அப்படியே கூப்பிட்டேன். மதிப்புரை எழுதுவது எந்த மாதிரி வேலை, ஒரு மாதத்தில் அந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போகிறது, கையில் என்ன மிஞ்சுகிறது என்று கிட்ட இருந்து பார்ப்பதற்காகத்தான் போனேன்.

புத்தக அலமாரியைத் திறந்ததும் முகத்தில் சூடு அடித்தது. உள்ளே ஒரு குண்டு பல்ப் எரிந்துகொண்டிருந்தது. மலையில் பழைய வீடுகளில் துணி அலமாரிக்கு இப்படி பல்ப் போடுவது உண்டு, ஈரம் தங்காது. இவர் புத்தகத்துக்குப் போட்டிருக்கிறார். எல்.இ.டி. பல்ப் சூடாகாததால் உதவாது. பழைய குண்டு பல்ப் இங்கே கடையில் எளிதாகக் கிடைப்பதில்லை, மதுரைக்குப் போகிறவர்களிடம் சொல்லிவிடுகிறார். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். அப்போது பசையில் ஒட்டிய பர்ஃபெக்ட் பைண்டிங் புத்தகங்கள் முதுகு பிளந்து தாள் தாளாக வரும். தையல் போட்ட பழைய புத்தகங்கள் அட்டை நெளிந்தாலும் தாக்குப்பிடிக்கின்றன. "உள்ள இருக்கிறதப் பத்தி எழுதத்தான் என்னைக் கூப்பிடுறாங்க. ஆனா நான் கட்டுமானத்தப் பத்தியும் ஒரு வரி எழுதிருவேன். காசு குடுத்து வாங்குறவனுக்குத் தெரியணும்ல?" என்றார்.

மாதத்தின் முதல் வாரம் பார்சலுக்குக் காத்திருக்கும் வாரம். 'மதிப்புரைக்கு இரண்டு பிரதிகள் அனுப்பவும்' என்று சிற்றிதழ்கள் அச்சிடும். ஒரு பிரதி அலுவலகத்துக்கு, இன்னொன்று எழுதுகிறவருக்கு. இப்போது பெரும்பாலும் ஒன்றுதான் வருகிறது என்கிறார். வந்ததில் மதிப்புரை பெறுவது சில. மற்றவை 'வரப்பெற்றோம்' பட்டியலில் ஒரு வரியாக முடிந்துவிடும். 2024 டிசம்பரில் அஞ்சல் துறை பதிவுப் புத்தக அஞ்சலை நிறுத்தியது. புத்தகக் கட்டை மலிவாகவும் ரசீதோடும் அனுப்ப இருந்த வழி அதோடு அடைபட்டது. இவருக்கு அனுப்பும் சிறு பதிப்பகங்கள் இப்போது பல புத்தகங்களைச் சேர்த்து ஒரே கட்டாகக் கூரியரில் வத்தலக்குண்டுக்கு அனுப்பிவிடுகின்றன. அங்கே ஒரு மளிகைக்கடைக்காரர் வாங்கி வைத்து, தெரிந்த கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார். சென்னைப் புத்தகக் காட்சி ஜனவரியில் என்பதால் புதுப் புத்தகங்கள் அதை ஒட்டியே வெளியாகும். அதனால் பிப்ரவரியில் டீச்சர் வீட்டுத் திண்ணையில் கட்டு கட்டாக நிற்கும். மே மாதம் சீசன். மலைப்பாதையில் வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும், பஸ் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது, பார்சலும் அதோடுதான். 2024 மேயில் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கொண்டுவந்த பிறகும் சீசன் நெரிசல் அப்படியேதான் என்கிறார்.

முதல் முறை படிக்கும்போது கையில் பென்சில் இருக்காது. இது அவர் தனக்கு வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. பென்சில் இருந்தால் குறை தேடத் தொடங்கிவிடுவோமாம். இரண்டாம் முறை படிக்கும்போது தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களை நீளவாக்கில் வெட்டி வைத்துக்கொள்கிறார். ராகுகாலம், எமகண்டம் அச்சான பக்கம் ஒருபுறம், அவர் குறிப்பு மறுபுறம். ஒரு நாவலை முடிக்கும்போது விளிம்பில் சீட்டுகள் சீப்புப் பல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும்.

அன்று மேஜையில் இருந்தது கொடைக்கானலிலேயே நடக்கும் ஒரு நாவல். ஒரு சீட்டை இழுத்துக் காட்டினார். கதாநாயகி 2014இல் கோக்கர்ஸ் வாக்கில் நின்று, எதிர்ச் சரிவு முழுக்க நீலக்குறிஞ்சி பூத்துக் கிடப்பதைப் பார்க்கிறாள். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூக்கும் அது இந்த மலையில் 2006இல் பூத்தது, அடுத்து 2018இல் பூத்தது. இரண்டையும் டீச்சர் கண்ணால் பார்த்திருக்கிறார். ஆனாலும் உடனே 'தவறு' என்று எழுதிவிடவில்லை. குறிஞ்சியில் இனங்கள் பல, பூக்கும் கணக்கு ஒவ்வொன்றுக்கும் வேறு. கே.எம். மேத்யூ என்ற இயேசு சபைப் பாதிரியார் 1999இல் பழனி மலைத் தாவரங்களைப் பற்றி மூன்று பகுதிகளாக ஒரு பெரிய நூல் கொண்டுவந்தார். அதிலிருந்து எப்போதோ எடுத்துவைத்த குறிப்பு நோட்டை அலமாரியிலிருந்து தேடி எடுத்துப் பார்த்தார். வேறு ஏதாவது குறிஞ்சி அந்த வருடம் ஒரு மூலையில் பூத்திருக்கலாம். ஆனால் 'சரிவு முழுக்க நீலக்குறிஞ்சி' என்பதற்கு வழியே இல்லை.

சரி, இது மதிப்புரையில் வருமா? "கதை அந்தப் பூவ வச்சு வயசுக் கணக்குப் போட்டிருந்தா, கண்டிப்பா எழுதுவேன் தம்பி. அப்ப கணக்குத் தப்புனா கதையே தப்பு. இங்க சும்மா பின்னால ஒரு படுதா மாதிரி தொங்குது. ஆசிரியருக்குப் போன் போட்டுச் சொன்னாப் போதும், அடுத்த பதிப்புல மாத்திக்கிடுவார்." அவர் எழுதப்போவது வேறொன்று. நாவலில் மன்னவனூர்ப் பூண்டு விவசாயி ஒருவர் வருகிறார். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததுவரை நாவலாசிரியருக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் அந்த விவசாயி வாயைத் திறந்தால் சென்னைக் கம்பெனி மீட்டிங்கில் பேசுகிறவர் போல இருக்கிறது. அவர் மனைவி, மகன், பக்கத்துத் தோட்டக்காரர் எல்லோருக்கும் அதே நாக்கு. இதற்கு மட்டும் ஏழு சீட்டுகள். நாவல் எங்கே நொண்டுகிறது என்பதற்கு அந்த ஏழு பக்கங்களே சாட்சி. குறிஞ்சித் தவறைப் பிடிப்பது சுலபம், கைதட்டலும் கிடைக்கும். அதை விட்டுவிட்டு இதைப் பிடிப்பதுதான் தொழில் என்று எனக்குப் பட்டது.

செல்லப்பாவின் பெயர் பேச்சில் அடிக்கடி வந்தது. அவர் செய்தது அலசல் விமர்சனம். எழுத்தை வரி வரியாகப் பிரித்து, எது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பது. க.நா. சுப்ரமண்யம் ரசனை வழிக்காரர். 'படித்திருக்கிறீர்களா?' என்ற தலைப்பில் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சுருக்கமாக அறிமுகப்படுத்தியவர். இரண்டு கட்சியும் பலகாலம் மல்லுக்கட்டியது தமிழில் பழைய கதை. டீச்சர் கட்சி சேரவில்லை. "படிக்கிறதுக்குச் செல்லப்பா, எழுதுறதுக்குக் க.நா.சு." என்றார். அலசியதையெல்லாம் எழுதினால் எண்பது பக்கம் வரும், இதழ் கொடுப்பது எண்ணூறு சொல்.

அந்த எண்ணூறுக்கு மூன்றாம் வாரம் முழுக்கப் போகிறது. முதல் பத்தியை எழுதி அடித்துவிடுவது அவர் வழக்கம். அதில் எழுதுகிறவரின் தோரணைதான் இருக்குமாம், புத்தகம் இரண்டாம் பத்தியில்தான் வருமாம். கதைச் சுருக்கத்துக்கு ஐந்து வரிக்கு மேல் இடமில்லை. கோடு போடாத தாளில் கையால் எழுதி, பஸ் பிடித்து மூஞ்சிக்கல்லில் ஒரு டி.டி.பி. கடைக்குக் கொண்டுபோகிறார். ஆதார் விண்ணப்பத்துக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் நடுவில் அந்தத் தம்பி இதை அடித்துக் கொடுக்கிறார். நாங்கள் போனபோது கடையில் கொடைக்கானல் பண்பலை ஓடிக்கொண்டிருந்தது. தம்பி திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "டீச்சர், 'நுட்பமான' இந்தத் தடவ நாலு இடத்துல வருது. ரெண்டத் தூக்கிரவா?" என்றார். டீச்சர் நாலையும் தூக்கச் சொன்னார். இந்தத் தொழிலாளியின் பெயர் எந்த இதழிலும் வராது. பத்திரிகை ஆசிரியருக்கு முன்னால் பிரதியைப் பார்க்கிற கண் அவருடையது. புத்தகம் படிப்பீர்களா என்று கேட்டேன். "இவங்க எழுதுறதப் படிப்பேன் சார். அதுக்கு மேல நேரமில்ல" என்றார்.

சம்பளம் கிடையாது. இதழ் இலவசம், புத்தகம் சொந்தம். அந்தப் புத்தகங்களில் பாதியைக் கிளை நூலகத்துக்குக் கொடுத்துவிடுகிறார். பொது நூலகச் சட்டத்தை 1948லேயே கொண்டுவந்து நாட்டுக்கு முன்னோடியாக இருந்த மாநிலம் இது. ஆனால் சிறு பதிப்பகத்தின் புத்தகம் மலைமேல் உள்ள நூலக அடுக்குக்கு வந்து சேர இப்படிப்பட்ட சில்லறை வழிகள்தான் இன்னமும் உதவுகின்றன.

சென்னையில் இல்லாதது நஷ்டமா என்று கேட்டேன். இல்லவே இல்லை என்றார். வெளியீட்டு விழா மேடையில் பொன்னாடை வாங்கிக்கொண்டவர் மறுவாரம் அந்தப் புத்தகத்தைப் பற்றி எழுதும்போது கை கொஞ்சம் தடுமாறத்தான் செய்யும். நண்பர்கள் மாற்றி மாற்றி முதுகு சொறிந்துகொள்ளும் மதிப்புரைகள் இப்போது மலிந்துவிட்டன. நானும் அதைப் பார்க்கிறேன். மலை கொஞ்சம் காப்பாற்றுகிறது, முழுக்க அல்ல. நான் இருந்தபோதே ஒரு கவிஞர் போனில் வந்து, பார்சல் கிடைத்ததா என்று ஆரம்பித்துப் பல நிமிடம் பேசினார். டீச்சர் "ம்" கொட்டிக்கொண்டே முருங்கைக்கீரை உருவி முடித்தார்.

ஒன்றில் மட்டும் எங்களுக்கு ஒத்துவரவில்லை. மோசமான புத்தகத்தைப் பற்றி அவர் எழுதுவதில்லை. எழுத இருக்கும் எண்ணூறு சொல்லை நல்லதுக்குச் செலவழிக்கலாமே என்பது அவர் வாதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் விளம்பரமும் விருதும் சேர்ந்து தூக்கிப்பிடிக்கும் ஒரு மோசமான நாவலைப் பற்றி விஷயம் தெரிந்தவர்களே பேசாமல் இருந்தால், காசு கொடுத்து வாங்குகிறவனுக்கு யார் சொல்வது? பைண்டிங் பிரிந்ததைச் சொல்கிறவர் இதைச் சொல்ல வேண்டாமா? இதைக் கேட்டே விட்டேன்.

டீச்சர் மறுத்துப் பேசவில்லை. எழுந்துபோய்த் திண்ணைக் கட்டிலிருந்து இரண்டு புத்தகங்களை உருவிக்கொண்டு வந்தார். "அப்ப நீங்களே எழுதுங்க. ரெண்டுமே அந்த ரகம்தான். இருபதாந்தேதிக்குள்ள வந்தாகணும், எண்ணூறுக்கு மேல ஒரு சொல் கூடாது." ஒன்று நாவல், விருது வாங்கியது. இன்னொன்று போனில் பேசிய கவிஞருடையது. நாவலை எடுத்துக்கொண்டேன். கவிதையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், அவர் என் நம்பரை எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்.