கறிச்சோற்று நாளில் வந்த விருந்தாளிகள்

அப்பத்தாவுக்கு ஊர் கீழக்குயில்குடி. கோடை விடுமுறை விட்டதும் மதுரையிலிருந்து பஸ் பிடித்து அங்கே போய்விடுவோம். தூரத்திலேயே சமணர் மலை தெரிந்துவிடும். அடிவாரத்தில் தாமரைக்குளம், விழுது இறக்கிய ஆலமரங்கள், கருப்பசாமி கோயில். உச்சி வெயிலிலும் அந்த நிழலில் மண் குளுகுளுவென்றிருக்கும்.

ஒரு சித்திரையில் சித்தப்பா மகளுக்கு அங்கே மொட்டையடித்துக் காது குத்தினார்கள். கருப்பனுக்குக் கிடா வெட்டி, மரத்தடியில் அண்டா ஏற்றியாகிவிட்டது. உப்புத் தூவிச் சுட்ட ஈரலைப் பூவரச இலையில் வைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். கை சுடச்சுடத் தின்றோம்.

அந்த நேரத்தில் மலையிலிருந்து வயதான தம்பதி இறங்கி வந்தார்கள். வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணர்கள். மலையில் செதுக்கியிருக்கும் தீர்த்தங்கரரைக் கும்பிட வந்தவர்கள்.

"வாங்கய்யா, வா தாயி, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க" என்றாள் அப்பத்தா.

பெரியவர் கைகூப்பினார். "நாங்க கறி சாப்பிடுறதில்லைங்கம்மா. பொழுது சாஞ்சா எதுவுமே சாப்பிட மாட்டோம்."

"அப்புறம் என்ன சொகத்தக் கண்டீக?" என்று பந்தியிலிருந்து ஒரு குரல் வந்தது. அந்த அம்மா முகம் சுளிக்கவில்லை. "வயிறும் மனசும் லேசா இருக்குங்க. எங்களுக்கு அதுதான் சுகம்."

அப்பத்தா பந்திப் பக்கம் திரும்பி, "அவுக சந்தோசம் அவுகளுக்கு. நீ இலையப் பாத்துச் சாப்பிடுப்பா" என்றாள். பிறகு செம்பைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்தாள். அந்த அம்மா பையிலிருந்து வெள்ளைத் துணியை எடுத்து, நான்காக மடித்துத் தண்ணீரை வடிகட்டினார். வடிகட்டிய துணியையும் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி, அந்தத் தண்ணீரைக் கிணற்றிலேயே சேர்த்துவிடச் சொன்னார். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் பிறந்த இடத்திலேயே பிழைத்துக்கொள்ளட்டும் என்பது அவர் கணக்கு. அப்பத்தா மறுபேச்சில்லாமல் அதைக் கொண்டுபோய் ஊற்றினாள். கறி வாசம் எட்டாத இன்னொரு மரத்தடியில் அவர்களை உட்காரவைத்து, வெள்ளரிப்பிஞ்சும் வாழைப்பழமும் கொடுத்தாள். திரும்பி வந்து எங்களுக்குக் குழம்பு ஊற்றினாள்.

அந்தப் பெருந்தன்மை எங்கிருந்து வந்தது என்று அன்று ராத்திரி திண்ணையில் அவள் சொன்ன கதையில் புரிந்தது. 1914இல் குற்றப் பரம்பரைச் சட்டம் இந்த ஊர்க் கள்ளர் சமூகத்தின் மீது பாய்ந்தது. ஊரில் அதற்கு ரேகைச் சட்டம் என்று பேர். ஒரு குற்றமும் செய்யாத அவளுடைய அய்யா, பிறந்த குலத்துக்காகவே கைரேகை வைத்து, பெண்டாட்டி பிள்ளைகளைப் பிரிந்து ராத்திரிதோறும் சாவடியில் போய்ப் படுத்திருக்கிறார். 1947இல்தான் அந்தச் சட்டம் ஒழிந்தது. "நம்மளப் பத்தி ஒண்ணும் தெரியாதவன் நம்ம பொழப்பத் தப்புன்னு எழுதிட்டுப் போனான். நாம யாரையும் அப்படிச் சொல்லக் கூடாதுய்யா" என்றாள்.

மலையும் அதைத்தான் சொல்லிக்கொடுத்தது. அங்கே செட்டிப்புடவு, பேச்சிப்பள்ளம் என்ற இடங்களில் இருக்கும் சமணச் சிற்பங்கள் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்டவை. எல்லாவற்றையும் துறப்பதில் நிறைவு கண்டவர்கள் மலைமேலே வாழ்ந்தார்கள். கூடிச் சமைத்து, கூடி உண்பதில் நிறைவு காணும் நாங்கள் கீழே வாழ்கிறோம். காது நீண்ட தீர்த்தங்கரரைச் செட்டியார் என்று உறவுக்காரரைப் போலச் சொல்லித்தான் ஊரில் பழக்கம். அவருக்காக யாரும் கறியை விடவில்லை. கறி தின்னாதவர் என்பதற்காக யாரும் அவரைப் பழித்ததுமில்லை.

அடுத்தவரின் சந்தோஷத்தை ஏற்றுக்கொள்ள நம்முடையதை இழக்க வேண்டியதில்லை. அவருக்கும் ஒரு மர நிழலை ஒதுக்கினால் போதும். எங்கள் வீட்டில் இன்றும் கிடா வெட்டு உண்டு. பக்கத்திலேயே கறி கலக்காத தனிச் சமையலும் உண்டு. யார் வந்தாலும் என்ன சாப்பிடுவார்கள் என்று கேட்ட பிறகுதான் இலை போடுகிறோம்.