எல்லைக் கோட்டுக்கு அப்பால்

பட்டணங்களின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் கவர்னர்களைப் பற்றியும் கோட்டைகளைப் பற்றியும் விஸ்தாரமாக எழுதிச் செல்வார்கள்; தீப்பிடித்த நள்ளிரவில் மணியடித்துக்கொண்டு ஓடிவந்தவர்கள் யார், அவர்களுக்குச் சம்பளம் அளந்தவர் யார், அவர்கள் எங்கே குடியிருந்தார்கள் என்ற கேள்விகளுக்கோ இரண்டு வரிகளுக்குமேல் இடம் கொடார்கள். மலாக்காத் தோட்டமொன்றின் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வளர்ந்த எனக்கு அந்த இரண்டு வரிகள் போதாமையால், நீரிணைக் குடியேற்றங்கள் என்ற பெயரில் ஒரே ஆட்சியின்கீழ் இருந்த சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகிய மூன்று ஊர்களைப் பற்றிய பழைய பத்திரிகைகளையும் அறிக்கைகளையும் புரட்டத் தொடங்கினேன்.

ஏடுகள் முதலில் என்னைச் சிங்கப்பூருக்கே இழுத்துச் சென்றன. அங்கே 1869இல் ஒரு தீயணைப்புக் கமிட்டி அமைந்ததாயினும், முறையான படை 1888இல்தான் பிறந்தது. அதற்கு முந்திய ஆண்டில் நிறைவேறிய மூன்று ஊர்களுக்கும் பொதுவான நகராண்மைச் சட்டம், வரி செலுத்தும் பட்டணத்தை நாட்டுப்புறத்திலிருந்து கோடு கிழித்துப் பிரித்தது என்பதைக் கவனித்தபோது, இவ்விரண்டு தேதிகளும் அடுத்தடுத்து நிற்பதன் தாத்பரியம் எனக்குத் துலங்கிற்று: வரி எதுவரையோ, படையும் அதுவரையே. ஹில் தெருவில் 1908இல் கட்டி முடிக்கப்பட்டு, செம்மையும் வெண்மையும் பட்டைபட்டையாக மாறிவரும் சுவர்களோடு இன்றும் நிற்கிற மத்திய நிலையத்தில், காவற்கோபுரமும் வீரர்களின் குடியிருப்பும் ஒரே வளாகத்தில் அமைந்திருந்தன. பினாங்கிலும் ஏறத்தாழ அதே காலத்தில், பீச் தெருவும் சூலியா தெருவும் கூடுகிற மூலையில், ஒரு நிலையம் எழுந்தது.

கோபுரமும் குடியிருப்பும் ஏன் சேர்ந்து நிற்க வேண்டும்? இதற்கு விடை தேடியபோது பிரிட்டன்வரை போக நேர்ந்தது. 1824இல் எடின்பரோவில் படை அமைத்த ஜேம்ஸ் பிரெய்ட்வுட், வீட்டின் அமைப்பை உள்ளும் புறமும் அறிந்தவர்கள் என்று ஓடு வேய்வோரையும் தச்சரையும் கொத்தரையும் தேடிச் சேர்த்தார்; லண்டன் படையோ பிற்காலத்தில், இராவிழிப்புக்கும் உயரத்துக்கும் பழகியவர்கள் என்று மாலுமிகளையே விரும்பி எடுத்தது. ஆகவே தக்க ஆட்களை, எந்நேரமும் மணியோசை எட்டும் தூரத்தில், சம்பளமும் வீடும் கொடுத்து வைத்துக்கொள்வதே நிலையம் என்பதன் சாரம். கோலாலம்பூரை 1881இல் பெருந்தீ அழித்து இரண்டாண்டுகள் கழிந்தபின் எச்.எஃப். பெல்லமியின் தலைமையில் தோன்றிய படையோ, 15 தொண்டர்களை மட்டுமே நம்பி நின்றது.

மலாக்காப் பட்டணமும் நகராண்மை பெற்ற ஊர்தான். ஆனால் 1896இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கரில் ரப்பர் நட்டதிலிருந்து, அம்மாநிலத்தின் செல்வம் கோட்டுக்கு வெளியேதான் பெருகத் தொடங்கிற்று. தமிழ்த் தொழிலாளரும் அங்கேதான் குடியேறினர். ரப்பர்த் தாள்களைக் கழிகளில் தொங்கவிட்டு, கீழே விறகு மூட்டி, நாட்கணக்கில் உலர்த்தும் புகைவீட்டில், ஒரு தாள் நழுவி அடுப்பில் விழுந்தால் போதும். கட்டடம் முழுவதும் பற்றிக்கொள்ளும். அருகிலிருந்த லயங்கள் அத்தாப்பு ஓலைக் கூரையுடையனவாயின், ஆபத்து அங்கும் தாவும்.

"அப்போது யார் வருவார்கள், ஐயா?" என்று மலாக்காவின் ஜாசின் வட்டாரத் தோட்டமொன்றில், தொழிலாளரை மேற்பார்க்கும் தண்டலாக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரைக் கேட்டேன்.

"யாரு வர்றது, தம்பி? காலையில ஆளுங்களக் கூப்பிடுற பெரட்டு மணிய விடாம அடிப்போம். மரம் வெட்டுறவங்க ரப்பர்ப் பால் வாளியத் தூக்கிக்கிட்டு ஓடியாருவாங்க. பொம்பளைங்க கிணத்தடியிலேருந்து வரிசை கட்டி நிப்பாங்க. இளவட்டங்க லயத்துக் கூரையப் பிச்சு எறிவாங்க, இல்லாட்டி அதுவும் போயிடும்."

அவர் விவரித்த ஏற்பாட்டை ஹில் தெரு நிலையத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். கூப்பிட மணி உண்டு. ஓடிவருவதற்கு அண்மையில் குடியிருப்பு உண்டு. தீ எங்கே தாவும் என்று அறிந்த ஆட்களும் உண்டு. இல்லாதது சம்பளமும் பெயரேடும் மட்டுமே.

மாநிலங்களும் நகராண்மைகளும் தனித்தனியே நடத்திவந்த படைகளை மலேசிய மத்திய அரசாங்கம் 1976 ஜனவரி 1ஆம் தேதி ஒன்றாக ஏற்றுக்கொண்டபோது, 1887இல் கிழித்த கோடு சட்டத்தளவில் அழிந்தது. இடைப்பட்ட 89 ஆண்டுகளில், பட்டணத்து வீரர் சம்பளமும் வீடும் பெற்றுச் செய்த அந்த ஊழியத்தைத் தோட்டத்து மக்கள் அன்றாடக் கூலிக்குமேல் யாதொரு பிரதிபலனுமின்றிச் செய்தார்கள். ஆதலால், படையின் பூர்வீகத்தை எழுதப் புகுகிறவர் சிப்பந்திகளைக் கணக்கெடுக்கும்போது, பால் வாளி ஏந்தியவர்களையும் எண்ணியே தீரவேண்டும் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.