பல்லுக்கு வேலையில்லாத பொங்கல்

ஆறவைத்த ரவைக் கஞ்சியைக் குடித்து முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆவதில்லை. உட்கார்ந்தோம், எழுந்தோம் என்று முடிந்துவிடுகிறது. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டு வந்ததிலிருந்து மூன்று வேளையும் இதே கதைதான். குழைய வடித்த சோற்றில் தயிர், பாலில் ஊறிய இட்லி, தேங்காய்ப்பால் விட்டுப் பிசைந்த இடியாப்பம், மசித்த வாழைப்பழம். எல்லாம் வாய்க்கு இதம்தான், வயிறும் நிறைகிறது. ஆனால் சாப்பிட்ட மாதிரியே இல்லை.

பிடுங்கியது ஞானப்பல். பெரும்பாலும் 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில் முளைக்கிற பல் அது. என்னுடையது கீழ்த்தாடையில் படுத்தவாக்கில் வளர்ந்து, பக்கத்துப் பல்லை முட்டிக்கொண்டு கிடந்தது. ஈறைக் கீறி, எலும்பைக் கொஞ்சம் செதுக்கி, பல்லைத் துண்டாக்கி எடுத்து, தையல் போட்டு அனுப்பினார் டாக்டர். கூடவே கட்டளைகள்: முதல் 24 மணி நேரம் சூடாக எதுவும் ஆகாது, கொப்பளிக்கக் கூடாது, துப்பக் கூடாது, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சவே கூடாது. பல் இருந்த குழியில் உறைந்து நிற்கும் ரத்தம்தான் புண்ணுக்குக் காவல். உறிஞ்சுகிற வேகத்தில் அது பெயர்ந்து வந்துவிட்டால் அடியில் இருக்கும் எலும்பு திறந்துகொள்ளும். ‘டிரை சாக்கெட்’ என்பார்கள். அந்த வலிக்கு முன்னால் பல்வலியெல்லாம் ஒன்றுமே இல்லையாம்.

குழிக்குள் போய் ஒளிந்துகொள்ளும் பொடிசுகளும் ஆகாது என்பதால் வீட்டில் எனக்கு மட்டும் தாளிப்பு நின்றுபோனது. கடுகு இல்லாத மோர்க்குழம்பு, வடிகட்டிய ரசம். அப்படியும் ஒருநாள் எப்படியோ தப்பி வந்த ஒற்றைக் கடுகு குழியோரம் போய் உட்கார்ந்துவிட்டது. நாக்கு அதைத் தேடிப் போவதும் தையல் நூலில் இடறித் திரும்புவதுமாக அன்று ராத்திரி வெகுநேரம் தூக்கம் போயிற்று.

இந்த நேரம் பார்த்துத் தை பிறந்தது. மாமனார் வீட்டுப் பொங்கல்படியில் கரும்பும் மஞ்சள்குலையும் ஒரு கட்டுப் பனங்கிழங்கும் வந்து இறங்கின. திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டு ஓரத்தில் பிறந்தவனுக்குப் பனங்கிழங்கைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது லேசான காரியமில்லை.

எங்கள் பக்கத்தில் பழம் தின்று மிஞ்சின பனங்கொட்டைகளை மணலில் பாத்தி போட்டுப் புதைத்து வைப்பார்கள். சில மாதத்தில் முளை கீழே இறங்கிக் கிழங்காகும். மார்கழி, தையில் பாத்தியைத் தோண்டுவார்கள். மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து இறக்கினால் அந்த வாசனையே தெருவைக் கூட்டிவிடும். தின்பதற்கு ஒரு முறை உண்டு. மேல்தோலை உரிக்க வேண்டும். நடுவில் நகத்தைக் கொடுத்து இரண்டாகப் பிளக்க வேண்டும். உள்ளே நீட்டமாகப் படுத்திருக்கும் பீலியை உருவி முதலில் தின்ன வேண்டும். பிறகு நுனியிலிருந்து ஒடித்து, நாரைக் கிழித்துப் போட்டு, கடைவாயில் ஒதுக்கி மெல்ல வேண்டும். அவசரப்பட்டால் நார் பல்லில் மாட்டும், இல்லையென்றால் தொண்டையில் விக்கும்.

பொங்கல் கழிந்த சாயங்காலங்களில் எங்கள் திண்ணையில் இதுதான் வேலை. ஓலைப்பெட்டி நடுவில் இருக்கும். சித்தப்பா கரும்பை முழங்காலில் வைத்து ஒடித்து, கணுவைப் பல்லாலேயே சீவி எங்களுக்குத் தருவார். அடிக்கரும்புக்குச் சண்டை நடக்கும். போகிற வருகிறவர்கள் ஒரு கிழங்கை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். கிழங்கு முடிய ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரத்தில் ஊரில் யார் வீட்டுக் கிடாய் காணாமல் போனது, எந்தக் கிணற்றில் தண்ணீர் உப்பேறிவிட்டது, யாருக்குப் பெண் பார்க்கிறார்கள் என்று எல்லாம் பேசித் தீர்ந்திருக்கும்.

ஆச்சிக்கு ஒரு பல் கிடையாது. ஆனாலும் கூட்டத்தில் முதல் ஆளாகக் காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள். வெற்றிலை இடிக்கிற சின்ன உரலை என் பக்கம் தள்ளுவாள். “ஏல, எனக்கும் ரெண்டு துண்டு இடிச்சித் தால.” நாரைக் களைந்த கிழங்கோடு தேங்காய்ச்சில்லும் ஒரு பச்சைமிளகாயும் பூண்டுப் பல்லும் வைத்து இடித்துக் கொடுக்க வேண்டும். பொக்கை வாயில் அதை இப்படியும் அப்படியும் புரட்டி, எங்களோடு சரிக்குச் சரி நேரம் எடுத்துத் தின்பாள். யாராவது கேலி செய்தால் பதில் தயாராக இருக்கும்: “பல்லுதாம்ல போச்சு, வாயுமா போச்சு?”

“மிக்ஸில ஒரு சுத்து விட்டுத் தரட்டுமா?” என்று கேட்டாள் மனைவி. நாரெடுத்து, தேங்காய் போட்டு, மிளகாய் மட்டும் இல்லாமல் அரைத்துக் கொடுத்தாள். நன்றாகத்தான் இருந்தது. அதையும் ஐந்து நிமிடத்தில் தின்றுவிட்டுக் கிண்ணத்தைக் கழுவி வைத்தேன். பையன் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு அறைக்குள் இருந்தான். அவள் அடுப்படிக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

இத்தனை நாளும் முறுக்குக்கும் கடலைமிட்டாய்க்கும் ஏங்குவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏக்கம் பண்டத்தின் மேல் இல்லை. உரிக்க, ஒடிக்க, மெல்ல என்று நேரம் கேட்கிற பண்டம் ஆளை உட்காரவைக்கும். உட்கார்ந்த ஆள் பேசாமல் இருக்க முடியாது. விழுங்குகிற சாப்பாட்டுக்குக் கூட்டாளி தேவைப்படுவதில்லை. பல் நன்றாக இருந்த காலத்திலும் இந்த ஊரில் நான் பெரும்பாலும் விழுங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

ஈறு மூடச் சில வாரம் ஆகும், குழி எலும்பாகத் தூர மாதக்கணக்காகும் என்கிறார் டாக்டர். அதற்குள் கிழங்குக் காலம் முடிந்துவிடும். அடுத்த தைக்கு ஊருக்கே போய்விடுவது என்று வீட்டில் சொல்லியாயிற்று. திண்ணையை இடித்துவிட்டு கிரில் கேட் போட்டிருக்கிறார்கள். பரவாயில்லை, கேட்டுக்கு வெளியே பாயை விரித்துக்கொள்ளலாம். கணுவைப் பல்லால் சீவின சித்தப்பாவுக்கு இப்போது பாதிப் பல் இல்லையாம். அவருக்கு இடித்துக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும்.